ஒரு குறி குறைந்த பெயர்

...நீட்டியதை வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான், நிரலின் நூற்றுப் பதினேழாவது வரி மாற்று என்கிறது, அதுவும் மாற்றித்தான் தருகிறது, தந்ததை வாங்கிக்கொள்ள இடப்பக்கம் ஒரு சமக்குறி வேண்டாமா, அது இல்லை... ஜெருதோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்தில் இதைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். இந்த நிரல் மொழியில் எழுத்துச் சரம், அதாவது ஒரு பெயரோ வார்த்தையோ, ஒரு பொருள், ஒருமுறை உருவாகிவிட்டால் அதில் ஓர் எழுத்தைக்கூட யாராலும் அசைக்க முடியாது, மாற்றச் சொன்னால் பழையதைத் தொடாமல் மாற்றிய நகல் ஒன்றைச் செய்து கையில் கொடுக்கும், வாங்கி வைத்துக்கொள்ளாவிட்டால் நகல் குப்பைக்குப் போய்விடும், பழையது பழையபடியே இருக்கும். ஒன்பது வருடமாகச் சொல்கிறாள். சொல்லி முடித்துவிட்டு ஒரு சிரிப்பு வேறு, இதுல விழாதவங்க யாரும் இல்ல, நீங்களும் ஒருநாள் விழுவீங்க என்று. இப்போது யார் விழுந்தது? விழுந்தது மட்டுமா, நிரந்தர வேலைப் பட்டியலில் விடுபட்ட நாற்பத்தொரு நர்ஸுகளையும் சேர்த்துத் தள்ளிவிட்டு அல்லவா விழுந்திருக்கிறாள். மணி பத்து இருபது. மேற்கேயிருந்து கவுண்டி அரசாங்கத்து அதிகாரிகள் பதினோரு மணிக்கு வருகிறார்கள். காலையில் ஊற்றிய பால்தேநீர் ஏடு கட்டிக் கிடந்தது. பக்கத்தில் பாதி கடித்த மண்டாசிப் பணியாரம், அதைக் கடித்தபோதுதான் பட்டியலைத் திறந்தாள், கடித்த துண்டை எப்போது விழுங்கினாள் என்று தெரியவில்லை.

நாற்பத்தொரு பெயரையும் வரிசையாகப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எல்லாவற்றிலும் அந்தச் சிறு குறி, ஆங்கில எழுத்தில் எழுதும்போது மேற்கோள்குறியில் பாதி, எழுத்துக்கு மேலே ஈ உட்கார்ந்த மாதிரி, அது இருந்தால்தான் லாஙட், இல்லாவிட்டால் லாங்கட். விண்ணப்பத்தைப் போனில் தட்டினால் வளைந்த குறி விழுகிறது, நர்ஸுகள் பதிவேட்டில் இருப்பதோ நேர்க்குறி. மனிதர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், நிரலுக்கு வேறு வேறு எழுத்து. வளைந்ததை நேராக்கிவிட்டு ஒப்பிட வேண்டும், நூற்றுப் பதினேழாவது வரி அதற்காகத்தான். குறியையே பிடுங்கி எறிந்துவிட்டு ஒப்பிடலாமே என்று கவுண்டிக்காரர்கள் கேட்டபோது, கூடாது, அது எங்கள் பெயரில் ஓர் எழுத்து, பதிவேட்டில் குறி இருந்தால் விண்ணப்பத்திலும் குறி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வேறு ஆள் என்று மேசையைத் தட்டிப் பேசி ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தவளும் இவள்தான். என்ன வீறாப்பு அன்றைக்கு. அப்படிப் பேசியவள் பரிசோதனை செய்யாமல் விட்டாளா என்றால், செய்தாள், அதுதான் வயிற்றெரிச்சல், குறி உள்ள பெயர் ஒன்று வேண்டும், என் பெயரே இருக்கிறதே என்று தட்டினாள், ஜெருதோ லாஙட் என்று நினைத்துக்கொண்டு... கை தட்டியது லாங்கட். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கணினி குறியை ஏற்கவில்லை, இருபது பேர் பின்னால் நிற்கிறார்கள், சரி விடுங்க என்றாள். பிறகு வங்கி, பிறகு இந்த அலுவலகத்து மின்னஞ்சல், ஒவ்வொரு இடத்திலும் ஒரு சரி விடுங்க, கடைசியில் விரலே மறந்துவிட்டது. குறியே இல்லாத பெயரில் வளைந்த குறி ஏது, நேர்க்குறி ஏது, சோதனை பச்சை விளக்கைக் காட்டாமல் என்ன செய்யும். அந்தப் பச்சையை நம்பித்தானே போன வியாழக்கிழமை கவுண்டிக்கு அவள் எழுதினாள், நிரலில் பிழை இல்லை, விடுபட்டவர்கள் தங்கள் பெயரைத் தவறாக உள்ளிட்டிருக்கலாம் என்று... தங்கள் பெயரைத் தவறாக. எழுதிய கையை என்ன செய்ய.

போன வாரம் விடுபட்டவர்கள் பட்டியலில் பத்தொன்பதாவது பெயர் அக்காவுடையது. செப்ஙெனோ லாஙட், ஒரே பெயரில் இரண்டு குறி. பதினோரு வருடமாகத் தேயிலைக் காட்டுக்கு நடுவே ஒரு மருந்தகத்தில் ஒப்பந்த நர்ஸ், வருடா வருடம் இந்தத் தடவை நிரந்தரம் பண்ணிருவாங்க என்பாள், நாற்பத்தைந்துக்குமேல் நிரந்தரமாக எடுப்பதில்லை, அவளுக்கு வருகிற மார்ச்சில் நாற்பத்தைந்து. நிரந்தரமாக இதுதான் அவளுக்குக் கடைசிப் பட்டியல், இன்று மாலை கையெழுத்தாகிவிடும். எதிர்க் கண்ணாடி அறையில் கெண்டி அந்த வியாழக்கிழமைக் கடிதத்தை மறுபடி அச்செடுத்துக்கொண்டிருந்தாள். கெண்டி முதலாளி, கெட்டவள் என்று சொல்ல முடியாது, ஜெருதோ ஆஸ்பத்திரியில் அப்பாவோடு கிடந்த மாதத்தில் ஒரு நாள்கூட வேலையைப் பற்றி வாய் திறக்காதவள். காலையில் வரியைக் காட்டியபோதும் கத்தவில்லை. "லாங்கட், போன வாரம் நீ எழுதினதையே இன்னிக்கும் சொல்லிட்டுப் போயிருவோம். அவங்கதான் தப்பா அடிச்சாங்கன்னு சொல்லியாச்சு, இப்ப நாங்கதான்னு சொன்னா ஒப்பந்தமும் போச்சு, நீயும் போகணும், நானும் போகணும்." பிறகு சிரித்தபடி, "ஒரு ஈ எச்சத்துக்காகவா வீட்டுக்குப் போறது" என்றாள். சிரித்தாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட வேண்டியதுதான். பதினோரு மணிக்கு அறைக்குள் போய் உட்காரும் முன்பே, தப்பு என்னுடையது, ஒரு சமக்குறி போட்டால் பத்து நிமிடத்தில் நாற்பத்தொரு பேரும் உள்ளே வந்துவிடுவார்கள், பட்டியலை மறுபடி ஓட்டுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். வேலை போகட்டும். உயிரா போகிறது? கால் துடித்தது, இப்போதே எழுந்து வாசலில் போய் நிற்கலாமா என்றுகூட இருந்தது, எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சுத்தமாக ஒன்றை நினைத்து.

போன் அதிர்ந்தது, அக்காதான். என்னடி பண்ற, சாப்பிட்டியா, உங்க ஊர்ல மழையா... எப்போதும்போல் சுற்றி வளைத்துக்கொண்டு. இந்த நிரல் தங்கை எழுதியது என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ ஆபீசில் ஏதோ எழுதுகிறாள், அவ்வளவுதான் அவளுக்கு. "உன்கிட்ட சொல்லல, நீ கவலப்படுவேன்னு. பட்டியல்ல என் பேரு விட்டுப்போச்சு. எங்க குரூப்புல ஒரே சண்டை, நம்மாளுங்கள வேணும்னே வெட்டிட்டாங்கன்னு நம்மாளுங்க கத்துறாங்க, வேற இனத்துக் கிகுயுக்காரி ஒருத்தி தன் ஆளுங்களத்தான் வெட்டிட்டாங்கன்னு அழுவுறா." ஜெருதோ எழுந்து ஜன்னலோரம் போனாள், கீழே ஙோங் சாலையில் ஒரு மடாட்டு வேன் வழியை அடைத்துக்கொண்டு நின்றது, அக்கா, கேளு, நான் ஒண்ணு சொல்றேன் என்றாள். "இரு இரு, முதல்ல நான் முடிச்சுக்கறேன். கவுண்டிலேருந்து கடுதாசி வந்துச்சு, நீங்க பேரத் தப்பா அடிச்சிருக்கீங்க, நேத்துக்குள்ள சரிபண்ணுங்கன்னு. நான் அடிச்சது சரிதான்டி, ஆனா படிச்சவங்க எழுதியிருக்காங்களே. யோசிச்சேன். அப்பறம் உன் ஞாபகம் வந்துச்சு. நீ அந்தக் கொசுறு இல்லாமத்தான எழுதற, உனக்கு எல்லா எடத்துலயும் வேல நடக்குதே. வக்கீலப் பிடிச்சு, இனிமே என் பேரு செப்ங்கெனோ லாங்கட்டுன்னு பிரமாணப் பத்திரம் எழுதிக்கிட்டேன். பழைய விண்ணப்பத்த வாபஸ் வாங்கிட்டு நேத்து புதுசு போட்டாச்சு. எப்படி உன் அக்கா?"

எப்படி என்று கேட்கிறாள், பாராட்டுக்குக் காத்திருக்கிற குரல். பதிவேட்டில் அவள் லாஙட், அதை மாற்ற ஆறு மாதம் ஆகும், விண்ணப்பத்தில் இப்போது லாங்கட், நூற்றுப் பதினேழாவது வரியைத் திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் இனி இரண்டும் ஒன்றாகாது, குறி இல்லாவிட்டால் அது வேறு ஆள், மேசையைத் தட்டி எழுத வைத்தாகிவிட்டது. கெடு நேற்றோடு முடிந்தது, பழைய விண்ணப்பம் என்று ஒன்று எங்கேயும் இல்லை, மாற்றிய நகல் மட்டும்தான் இருக்கிறது. "நீ ஏதோ சொல்ல வந்தியே?" "ஒண்ணுமில்லக்கா. நல்ல வேல பண்ணே. அப்பறம் கூப்பிடறேன்." நல்ல வேலை பண்ணாளாம். வாயில் புளித்த பால் மாதிரி ஒன்று ஊறியது. நாற்பத்தொன்றில் ஒன்று போனால் நாற்பது, நாற்பது பேரும் ஒரு சமக்குறியில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிறது, அவர்களில் எவளுக்கோ வருகிற மாதமே நாற்பத்தைந்து முடியலாம். கெண்டி கண்ணாடிக் கதவைத் திறந்து, அவங்க முன்னாடியே வந்துட்டாங்க, லிஃப்டுல ஏறிட்டாங்க, வரியா என்றாள். வருகிறேன் என்றாள் ஜெருதோ, என்றாளே தவிர ஜன்னல் விளிம்பைப் பிடித்த கை விடவில்லை, சற்று முன் துடித்த காலுக்கு இப்போது என்ன வந்தது, உண்மை மாறவில்லையே, அதே வரி, அதே தப்பு, சொல்ல வேண்டியதும் அதேதான், யாருக்காகச் சொல்வதாக இருந்தாள்... காலையிலிருந்து மூன்று முறை படித்த பட்டியல், மற்ற நாற்பதில் ஒரு பெயரையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். ஒன்றுகூட வரவில்லை.