எழுப்பிவிட்ட நாரைகள்

ஆமத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்க்கு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது ஜாஸ்பின் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டில் நர்ஸ் அவள். வாரம் முழுக்க அந்த வார்டில் நின்றவளுக்குத் தண்ணீரில் ஒரு முக்குளிப்பான் முங்கி எழுவதைப் பார்த்தால்தான் மூச்சு நேராக வரும். அந்த ருசி நாலு பேருக்குத் தெரியட்டுமே என்றுதான் பறவை பார்க்கக் கூட்டிப்போக ஆரம்பித்தாள். சர்ச்சில் இரண்டாவது ஆராதனைக்கு மணி அடிப்பதற்குள் திரும்பிவிடலாம்.

அப்படி வந்தவள்தான் சொர்ணலட்சுமி. சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் ரத்தினசாமியின் மனைவி. சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருந்தார் அதே ஆஸ்பத்திரி டாக்டர். "வீதியில நடந்தா அலுப்பா இருக்கு சிஸ்டர்" என்றபோது, "கண்மாய்க் கரையில நடங்கக்கா, அலுக்காது" என்று ஜாஸ்பின்தான் அழைத்தாள்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் முதல்முறையாக வந்த சொர்ணலட்சுமி தன் அக்கா மகன் ராம்குமாரையும் அழைத்து வந்தாள். பட்டாசுக் கம்பெனி வீட்டுப் பையன். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமரா வைத்திருந்தான். கும்பிட்டுவிட்டு, "நல்ல வெளிச்சம் வந்துரும்ல?" என்று மட்டும் கேட்டான்.

அன்றைக்கு ஏழெட்டுப் பேர், எல்லோரும் புதியவர்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்ததுமே சொர்ணலட்சுமிக்கு வானமும் தண்ணீரும் குழம்பிப்போயின. "ஒண்ணுமே தெரியலையே!"

"முதல்ல வெறும் கண்ணால பறவையைப் பிடிங்க. அதுமேல இருந்து பார்வையை எடுக்காம பைனாகுலரைத் தூக்குங்க."

அவள் இரண்டு தடவை தோற்றாள். மூன்றாவது தடவை வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கரையோரச் சேற்றில் கரண்டிவாயன் ஒன்று அலகைத் தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடந்தது.

"ஆத்தாடி! மாவைக் கரைக்கிறாப்புலல்ல கரைக்குது! நெசமாவே அகப்பை கணக்கா மூக்கு!" சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். இதற்காகத்தானே வந்தோம் என்று ஜாஸ்பினுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பிறகு கண்மாய்க்கு நடுவே நிற்கும் கருவேல மரங்களைக் காட்டினாள். மஞ்சள் மூக்கு நாரைகள் கிளைக்குக் கிளை கூடு கட்டியிருந்தன. சில அடைகாத்தன. சில வெயில் படாமல் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தன. "பேசினாக்கூட மெதுவாப் பேசுங்க" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ராம்குமாரை மட்டும் காணோம். கரைக்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தான்.

வெடித்தது.

அணுகுண்டு வெடி. ராம்குமார் கம்பெனிச் சாம்பிள் ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருக்கிறான். கரை அதிர்ந்தது. மரங்களில் இருந்த அத்தனை நாரைகளும் ஒன்றாக எழும்பி, வெள்ளையும் கறுப்பும் இளஞ்சிவப்புமாக வானத்தை அடைத்துச் சுழன்றன. அவன் கேமரா இடைவிடாமல் 'கிளிக்' அடித்துக்கொண்டிருந்தது.

"அடியாத்தே, எம்புட்டு அழகு!" என்று சொர்ணலட்சுமி கைதட்டினாள். இன்னும் ரெண்டு பேர் தட்டினார்கள்.

ஜாஸ்பினுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

"கையை இறக்குங்கக்கா! எதுக்குத் தட்டுறீக? மரத்தைப் பாருங்க. எல்லாரும் பைனாகுலரை எடுத்து மரத்தைப் பாருங்க!"

பார்த்தார்கள். தாய்ப்பறவை எழும்பிய வேகத்தில் கூட்டு விளிம்புக்கு வந்துவிட்ட குஞ்சு ஒன்று கிளையில் இடித்துத் தண்ணீரில் விழுந்தது. காக்கைகள் அதற்குள் வந்து சேர்ந்திருந்தன. ஒன்று முட்டையைக் கொத்தி உடைத்தது. செம்பருந்து ஒன்று தாழ வந்து, கூட்டிலிருந்த இன்னொரு குஞ்சை எடுத்துக்கொண்டு போனது. நாரைகள் மேலே சுற்றிக்கொண்டிருந்தனவே தவிர, இறங்கத் துணியவில்லை. ஒரு பெண் பைனாகுலரைக் கீழே இறக்கினாள். "இறக்காதீக, பாருங்க!" என்று ஜாஸ்பின் அதட்டினாள்.

ராம்குமார் கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டே ஏறி வந்தான். "செம ஷாட் சிஸ்டர்."

"குஞ்சு செத்துக்கிட்டுக் கெடக்கு. உனக்கு ஷாட்டா முக்கியம்லே?"

"ஒரு வெடிதான? நம்ம பக்கத்துல வெடிச்சத்தம் கேக்காத பறவை எங்க இருக்கு?"

"வெடிச்சத்தம் கேட்ட மனுசங்களுக்கு நான் தினமும் கட்டுப் பிரிச்சுப் புண்ணைக் கழுவுறேன்லே. அங்கன வந்து சொல்லு இதை."

அவன் முகம் கறுத்தது. சொர்ணலட்சுமிக்கும்தான். "பிள்ளையைப் போயி இம்புட்டுப் பேச்சு பேசணுமா? என்னையும் எல்லார் முன்னாலயும் வைஞ்சிட்டீக" என்று விறுவிறுவென்று காருக்குப் போனாள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள். ஆராதனையில் ஜாஸ்பினுக்கு ஒரு பாட்டும் வாயில் வரவில்லை.

ஆனி மாதம், ரத்தினசாமியின் அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி சொல்லித்தான் ஜாஸ்பினுக்குத் தெரிந்தது. ஆடிப்பெருக்குக்கு வெளியிடும் அடுத்த வருசத்துக் காலண்டர் மாதிரி ஆல்பத்தில் அந்த நாரைப்படமும் வருகிறதாம். டியூட்டி முடிந்த கையோடு சிவகாசி பஸ் ஏறினாள்.

அச்சக மேசையில் சாம்பிள் தாள் விரித்துக் கிடந்தது. வானம் நிறைய நாரைகள். கீழே அழகான எழுத்தில் 'இயற்கையின் எழில்'. பக்கத்தில் ரத்தினசாமியும் சொர்ணலட்சுமியும் இருந்தார்கள்.

"வாங்க சிஸ்டர், சாப்பிட்டீகளா?" என்றார் ரத்தினசாமி.

"இதை அச்சடிக்கிறதுன்னா, வெடி போட்டு எடுத்த படம்னு கீழ சேர்த்து அடிங்கண்ணே. வீட்டுச் சுவர்ல மாட்டுறவனுக்கும் தெரியட்டும்."

"பையன் ஆசைப்பட்டுக் கொடுத்த படம்மா. கடைக்காரங்களுக்கும் பிடிச்சிருக்கு. பறவையெல்லாம் திரும்ப வந்து உக்காந்திருக்கும்ல?"

"உக்காரல" என்றாள் சொர்ணலட்சுமி.

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெடி போட்ட மறுநாள் காலையில நான் போயிப் பாத்தேன். பாதிக் கூடு காலி. விழுந்த குஞ்சு கரையில ஒதுங்கி எறும்பு மொய்ச்சுக் கெடந்துச்சு." தாளைச் சுருட்டினாள். "ஏங்க, இந்தப் படம் வேண்டாம். அருவிப் படம் ஏதாவது போடுங்க."

"உங்க அக்கா வீட்டுல என்ன சொல்லுவாக?"

"என்னத்தையும் சொல்லட்டும்."

ரத்தினசாமிக்குக் கோபம் வந்தது. ரெண்டு நாள் வீட்டில் பேச்சில்லை என்று பிறகு கேள்விப்பட்டாள் ஜாஸ்பின். ஆனால் ஆல்பம் அருவிப் படத்தோடுதான் வந்தது. அன்றைக்கு வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சொர்ணலட்சுமி சொன்னாள்: "நீங்க என்னை வைஞ்சதை நான் மறக்கல, சிஸ்டர்."

"நானும் மறக்கலக்கா" என்றாள் ஜாஸ்பின்.

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியது. கார்த்திகை முதல் ஞாயிற்றில் சொர்ணலட்சுமி, அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். பாம்புக் கழுத்தோடு பாம்புத்தாராப் பறவை ஒன்று மீனைக் குத்தித் தூக்கியெறிந்து விழுங்கியதும் அவர்கள் போட்ட கூச்சலில் ஜாஸ்பினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தை பிறந்தும் கருவேல மரங்களுக்கு நாரை ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் ஜாஸ்பின் அந்த வெற்றுக் கிளைகளைப் பைனாகுலரில் துழாவினாள்.

"ராம்குமாரும் வரணும்கிறான்" என்று ஒருநாள் மெல்லச் சொன்னாள் சொர்ணலட்சுமி. "பாவம், அவனும் புதுசுதான சிஸ்டர்?"

"கேமராவை வீட்டுல வச்சிட்டு வரட்டும். ஒரு வருசம் எங்ககூட சும்மா உக்காந்து பாக்கட்டும். பெறகு பேசலாம்."

ராம்குமார் இதுவரை வரவில்லை.