இன்சீன் தனிப்பள்ளிக்குத் தூக்கிய கை

இன்சீன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தனியாகப் பிரிக்கலாம் என்று தூக்கிய பர்கத்துல்லாவின் வலது கை, கூட்டம் முடிந்த பிறகும் கீழே இறங்கவில்லை. அது 1996ஆம் ஆண்டு மழைக்காலம். மற்றவர்கள் கையை இறக்கிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். இவர் கை மட்டும் காதையொட்டி மேலேயே நின்றது. வலியில்லை, வீக்கமில்லை. ஹக்கீம் தைலம் தேய்த்து உருவினார். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். சந்தையில் லுங்கிக் கடை வைத்திருந்த மனிதர், மறுநாளே கடையைத் திறந்தார். போகிற வழியில் பஸ்கள் தாமாக நின்றன. இவர் ஏறாததைப் பார்த்துக் கண்டக்டர்கள் திட்டிவிட்டுப் போனார்கள்.

பிரிய வேண்டும் என்பதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளியை நடத்தியது, நகரத்தின் நடுவே பபேடானில் இருந்த தலைமைச் சங்கம்; இன்சீனோ நகரத்தின் ஓரம். வாத்தியாரை அனுப்புவதும் அவர்கள், நேரம் குறிப்பதும் அவர்கள். நகரைச் சுற்றி ஓடும் ரயில் பிந்தினால் வாத்தியாரும் பிந்துவார்; அவர் வருவதற்குள் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். போய்க் கேட்டால், இன்சீன் ரயிலடிக்காரர்களுக்கு என்ன அவசரம் என்பார்கள். தனியாகப் போனால் வாத்தியாரை நாமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாதச் சந்தா நாலு மடங்காகும். புதுக் கமிட்டிக்குத் தலைவர் யார் என்பதையும் ஊர் பேசி முடித்திருந்தது. பர்கத்துல்லாவுக்கு அந்த நாற்காலியின் மேல் ஆசை. ஆசை யாரை விட்டது?

அவர் வீட்டுக்கு அடுத்த வீடு சுல்தான் பீவியுடையது. புருஷன் மௌத்தான பிறகு, ரயிலடியில் பருப்பு வடை சுட்டு மகள் உம்மு சல்மாவை வளர்த்துவந்தாள். வீட்டுக்கு ஒரு கை என்பது கூட்டத்துக்கு வைத்த ஒழுங்கு. அதனால் கூட்டத்துக்குப் போகும்போதே அவரை வழிமறித்துக் கேட்டாள்.

“அண்ணே, பிரிஞ்சா சந்தா ஏறுமாமே? என்னால ஏலாது.”

“ஏறாது தங்கச்சி. ஏறுனாலும் நான் இருக்கேன்ல?”

ஏறும் என்பது அவருக்குத் தெரியும். கணக்குப் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். கூட்டத்தில் இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றபோது, சுல்தான் பீவி அவர் கையைப் பார்த்தாள்; பிறகு தன் கையைத் தூக்கினாள். அந்த ஒரு கையில் பள்ளி பிரிந்தது.

பள்ளி நன்றாகத்தான் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருவிலேயே வாத்தியார், பிள்ளைகளுக்குத் தோதான நேரம், ஒழுகாத கூரை. சந்தா பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளைக்கு இடமில்லை என்ற விதியும் வந்தது. உம்மு சல்மா பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற அன்று, வாசலில் தலைவராகிவிட்ட பர்கத்துல்லாதான் இருந்தார். ஒருத்தருக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும் என்றார். அவர் பையிலேயே அந்தச் சந்தாவுக்குக் காசு இருந்தது. மேலே நிற்கும் கையைப் பார்த்த சல்மா, உள்ளே வா என்று கூப்பிடுவதாக நினைத்து ஓரடி எடுத்து வைத்தாள். அவர் இடது கையால் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது அவரால் தலை நிமிர முடியவில்லை. கை மேலே, தலை கீழே என்று நடந்தார்.

வருஷங்கள் போயின. எந்தத் தீர்மானம் வந்தாலும் ஆதரவு, எதிர்ப்பு இரண்டு பக்கமும் அவர் கை எண்ணப்பட்டதால், கடைசியில் அவரை எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். ராணுவ ஆட்சியை எதிர்த்துத் துறவிகள் தெருவில் நடந்த 2007இல், கை தூக்கிய ஆளை வெளியே விடப் பயந்து மனைவி வீட்டுக்குள் பூட்டி வைத்தாள். மறுவருஷம் நர்கிஸ் புயல் பள்ளிக் கூரையைக் கொண்டுபோனது. ஒட்டுப்போட ஆள் இல்லாமல் பள்ளி மறுபடி பபேடானோடு சேர்ந்தது. நாற்காலியும் போயிற்று. செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் கை இறங்கும் என்று ஹக்கீம் சொன்னதன்பேரில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பர்கத்துல்லா வடைக் கடைக்குப் போனார்.

“அன்னிக்கு உன்கிட்ட பொய் சொன்னேன் தங்கச்சி. சந்தா ஏறும்னு எனக்குத் தெரியும். மாப்பு குடு.”

சுல்தான் பீவி எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்கும் தெரியும்ணே. கணக்குத் தெரியாதவளா நான்? நீங்க இருக்கேன்னு சொன்னீங்கல்ல, அதை நம்பித்தான் தூக்குனேன். மாப்பு எப்பவோ குடுத்துட்டேன்.”

பர்கத்துல்லா அண்ணாந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். தட்டு கழுவிக்கொண்டிருந்த சல்மாவும் பார்த்தாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். கை அசையவில்லை.

“ஓ, அது எறங்கணும்னுதான் வந்தீங்களா?” என்று கேட்டாள் சுல்தான் பீவி. குரலில் கோபமே இல்லை.

அந்தக் குரலைக் கேட்டதற்கு அவர் ஒரு அறை வாங்கியிருக்கலாம். “ஆமா தங்கச்சி” என்றார். பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காமல் அவளிடம் அவர் உண்மை சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் முக்காலியைத் தள்ளிப்போட்டாள். அவர் உட்கார்ந்து டீ குடித்தார். அதன் பிறகு, கை எப்போது இறங்கும் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.