நிற்காத எஞ்சின்

பொழுது புலர்வதற்குள் நான்கு எஞ்சின்களையும் படகுகளில் பூட்டிவிட வேண்டும். ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. தடாவுக்குக் கிழக்கே உப்பு ஏரிக்கரையில் முழங்கால் சேறு, சேற்றுக்குள் சிப்பி ஓடுகள். சுலோச்சனா எஞ்சினின் தலைப்பக்கத்தைத் தோளில் தாங்கினாள். விசிறிப் பக்கத்தை இஸ்மாயில் பிடித்தார். காலடியில் ஓடு கிழித்தது. உப்புத் தண்ணீர் புண்ணில் ஏறி எரிந்தது. அவள் முகம் அசையவில்லை.

சத்தியவேடு பக்கம் இருக்கும் படகு எஞ்சின் கம்பெனிக்கு அவர்கள் பதினோரு பேர் சோதனை வேலை செய்தார்கள். புது எஞ்சினை மீனவர்களிடம் வாடகைக்கு எடுத்த படகில் மாட்டி, ஏரியில் ஓட்டி, எத்தனை வேகம், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை தூரம் என்று பார்த்து எழுதுவது வேலை. எல்லாரும் காண்ட்ராக்ட் ஆட்கள். இஸ்மாயில் படகு ஓட்டுவார். சுலோச்சனா பெட்ரோல் அளந்து எழுதுவாள். போன வருஷம் பன்னிரண்டாவது ஆளாகத் தன் தம்பி பூவராகவனையும் அவள்தான் இந்த வேலைக்குக் கூட்டி வந்தாள்.

ஓட்டுகிறவர் மணிக்கட்டிலிருந்து எஞ்சினின் சுவிட்சுக்கு ஒரு சிவப்புக் கயிறு போகும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், அந்தக் கணமே எஞ்சின் நின்றுவிடும். ஆனால் அலையில் படகு குதிக்கும்போதெல்லாம் கயிறு கழன்று ஓட்டம் பாதியில் நின்றது. முதலாளி சுதீர் பொறுக்கவில்லை. "அந்த சுவிட்சு ஒயரை வெட்டிடுங்க. டெஸ்ட் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். வெட்டிக் கறுப்பு டேப் சுற்றினார்கள். அதற்குப் பிறகு கயிறு கழன்றாலும் எஞ்சின் நிற்காது.

இருபது நாளைக்கு முன்னால் பூவராகவன் ஓட்டிய படகின் எஞ்சின், வலை கட்ட ஏரிக்குள் நட்டிருந்த ஒரு கழியில் மோதியது. அவன் தண்ணீருக்குள் தூக்கி எறியப்பட்டான். ஆளில்லாத படகு நிற்காமல் வட்டமடித்துத் திரும்பி அவன் மேலேயே ஏறியது. திருப்பதி ஆஸ்பத்திரியில் அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சுதீர் போலீஸில் சொன்னது ஒரே வாக்கியம்: "அவன் எங்க ஆளே இல்ல. யாரோ மீன்காரன், குடிச்சிட்டு படகுல ஏறியிருக்கான்."

தம்பி இதுவரை ஒரு வாய் கள் குடித்தவனில்லை.

இன்று எஞ்சினை ஓட்டிக் காட்டி விற்க, ஏரிக்கரை ஊர்களிலிருந்து மீனவர்களை வரவழைத்திருந்தார் சுதீர். ஷாமியானா, நாற்காலி, காபி. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும் எஞ்சின் என்று பேனர். எல்லாம் முடிந்ததும் வீடியோவுக்காக அவரே ஒரு சுற்று ஓட்டுவதாக ஏற்பாடு.

சுலோச்சனா பூட்டிய எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒயர் இன்னும் வெட்டியபடியே இருந்தது.

"பாய், அவரு ஓட்டும்போது நான்தான் முன்னாடி குந்திக்கினு வழி சொல்லுவேன்" என்றாள் மெதுவாக. "வடக்கால கழி எங்கெங்க நட்டிருக்குன்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது."

இஸ்மாயில் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அதே கழியா?"

"அதே கழி. அதே எஞ்சின். வட்டம் போட்டுக்கினு வரட்டும். தண்ணில கெடந்து பாக்கட்டும்."

"நீயும்தான படகுல இருப்ப?"

"இருந்துட்டுப் போறேன்."

இஸ்மாயில் அவள் பக்கம் நகர்ந்து வந்தார். "நான் எத்தினி ராத்திரி இதையே நெனச்சிருப்பேன் தெரியுமா? அவன் உழுந்தா நாளைக்கு அவன் மச்சான் வந்து அதே நாற்காலில குந்துவான். ஒயர் வெட்டினது வெட்டினபடியே கெடக்கும். உன்ன ஜெயில்ல போடுவான். பழி வாங்காதன்னு சொல்லல தாயீ. ஒத்தையா வாங்காதன்னு சொல்றேன்."

அவள் பற்களைக் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். மற்ற ஒன்பது பேரும் சேற்றில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. "அப்பிடின்னா இன்னிக்கே," என்றாள். "அவரு கூப்ட ஜனங்க முன்னாடியே."

வெயில் ஏறியதும் நாற்பது, ஐம்பது பேர் கூடினார்கள். இஸ்மாயிலும் சுலோச்சனாவும் மட்டும் ஏறி, பாதி வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பது சுதீர் இட்ட உத்தரவு. சுலோச்சனா படகில் ஏறவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"நீங்க மீனுக்குப் போகும்போது ரெண்டு பேரா போறீங்க? காலிப் படகுலயா?"

கூட்டம் சிரித்தது. மீன் விற்கும் பெண்களின் சங்கத் தலைவி ஜெயம்மா முன்வரிசையில் இருந்தாள். "ஆறு பேரு, வலை, ஐஸ் பொட்டி. அதான் எங்க லோடு" என்றாள்.

"ஏமம்மா சுலோச்சனா, ஏன்ட்டி இதி?" சுதீரின் குரல் தெலுங்கில் எழும்பியது. "என்னம்மா இது? சொன்னத மட்டும் செய்."

"சொன்னதச் செஞ்சிதான் சார் எந்தம்பி கால் போச்சு."

ஜெயம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறினாள். பின்னாலேயே நான்கு மீனவர்கள் வலையோடும் ஐஸ் பெட்டியோடும் ஏறினார்கள். சுலோச்சனா கோடு போட்ட கேனில் சரியாக ஒரு லிட்டர் ஊற்றி, எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டி, காலி டேங்கில் விட்டாள். அளந்து நட்ட இரண்டு கழிகளுக்கு நடுவே அரை கிலோமீட்டர்; போய்த் திரும்பினால் ஒரு சுற்று. இஸ்மாயில் முழு வேகத்தில் விட்டார். படகின் பின்புறம் தண்ணீருக்குள் அழுந்தியது. கரையில் இருந்தவர்கள் எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவது சுற்றில், தூரத்துக் கழியை எட்டிய இடத்திலேயே, எஞ்சின் இருமி அடங்கியது.

இரண்டரை கிலோமீட்டர்.

கழி ஊன்றிக் கரைக்கு வந்தார்கள். சுலோச்சனா இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, கியர் போடாமல் எஞ்சினைக் கிளப்பினாள். "இந்தக் கவுற இழுத்தா எஞ்சின் நிக்கணும். உங்க உசுருக்கு இதான் காவல்." இழுத்தாள். கயிறு கையோடு வந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

அவள் மூடியைக் கழற்றி, டேப் சுற்றிய ஒயரைப் பிரித்துக் காட்டினாள். "வெட்டச் சொன்னது இவரு. கால் போனது எந்தம்பிக்கு. அவன் எங்க ஆளே இல்லன்னும் சொன்னாரு."

"ஸ்டாப் இட்! நீ டிஸ்மிஸ்!" என்று கத்தினார் சுதீர். "இப்பவே வெளிய போ. பாய், எஞ்சின எல்லாம் வேன்ல ஏத்துங்க."

எஞ்சின்களை வைத்து வேனில் ஏற்றும் நீளமான பெட்டிகள் கரையில் கிடந்தன; இஸ்மாயில் போய் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அடுத்து ஒருவர். பிறகு ஒருவர். பத்துப் பேரும் உட்கார்ந்ததும் சுலோச்சனா கடைசிப் பெட்டியில் அமர்ந்தாள்.

"பூவராகவன் உங்க ஆளுன்னு எழுதிக் குடுங்க. அவனுக்கு வைத்தியமும் வேலையும் உங்க பொறுப்புன்னு எழுதுங்க. எல்லா எஞ்சின்லயும் சுவிட்சு வேல செய்யணும். அதுவரைக்கும் ஒண்ணும் ஏறாது."

"போலீசக் கூப்பிடுவேன். நாளைக்கு வேற ஆளுங்கள இறக்குவேன்."

"எறக்குங்க" என்றாள் ஜெயம்மா. "யாரு படகுல மாட்டுவீங்க? எங்க துறைலேருந்து ஒரு படகு வராது, பாருங்க."

சுதீர் போனைக் காதில் வைத்துக்கொண்டு காருக்குப் போனார். அவர் முகத்தில் ஓடிய பயத்தை சுலோச்சனா ஒரு சொட்டு விடாமல் பார்த்தாள். போதவில்லை. நெஞ்சுக்குள் ஆத்திரம் அப்படியே கனன்றது. தம்பி ஊன்றுகோலோடு அந்தக் கம்பெனி கேட்டுக்குள் நுழையும்வரை அது தணியவும் வேண்டாம் என்று நினைத்தாள்.

அரைமணி நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. இறங்கி, "லேவண்டி, லேவண்டி" என்று தடியால் பெட்டியைத் தட்டினார். யாரும் எழவில்லை. மீனவர்கள் ஒவ்வொருவராக வந்து பெட்டிகளைச் சுற்றி மணலில் உட்கார்ந்தார்கள்.

அதற்குள் கம்பெனிக்கும் போனில் சேதி போயிருந்தது; தடா சாலைத் திருப்பத்தில் கம்பெனி பஸ் நின்றது. எஞ்சின் பூட்டும் பிரிவின் பெண்கள், நீலக் கோட்டுகளோடு, வேலைக்குப் போகாமல் இறங்கிக் கரையை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"எத்தினி பேரு பாய்?" என்று கேட்டாள் சுலோச்சனா.

இஸ்மாயில் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். "இன்னும் எறங்கிக்கினே இருக்காங்க. கொஞ்சம் நவுந்து குந்து, எடம் பத்தாது."