எட்டு மணி வரை தண்ணீர்

சிட்லபாக்கத்தில் அந்த அபார்ட்மெண்டில் யார் இங்கிலீஷில் தும்மினாலும் ஸ்ரீநிவாசன் திருத்திவிடுவார். ரிடையரான ஹெட் கிளார்க். எழுத ஃபைல் இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்த காலத்தில், பகவானாகப் பார்த்து வாட்ஸ்அப் குரூப்பைக் கொடுத்தான்.

அன்று மகள் மிருதுளாவைப் பெண் பார்க்கக் கீழ்க்கட்டளையிலிருந்து பத்து மணிக்கு வருகிறார்கள். அன்றைக்கென்று பார்த்துத்தான் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறார்கள். மனைவி வேதா பூ வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாள்.

"ஏன்னா, எட்டு மணியோட தண்ணி நின்னுடும். அண்டா, பக்கெட் எல்லாம் ரொப்பி வைங்கோ. வரவா கை அலம்பத் தண்ணி இல்லேன்னா மானம் போயிடும்."

"எனக்குத் தெரியாதா?" என்று பக்கெட்டோடு குழாய்க்குப் போனவர், போகிற போக்கில் ஃபோனைப் பார்த்தார். அங்கேதான் சனி பிடித்தது.

செக்ரட்டரி கீதா எழுதியிருந்தார்: 'வாட்டர் வில் கம் பை எய்ட்.'

எட்டு மணி வரை வரும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அவருக்கும் புரிந்தது. புரிந்தால் போதுமா? இலக்கணம் என்று ஒன்று இல்லையா? பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்தார்.

'பை' என்றால் எட்டுக்குள் வந்துவிடும், 'அன்டில்' என்றால் எட்டு வரை வந்துகொண்டிருக்கும் என்று தொடங்கினார். அதோடு விட்டாரா? 'சின்ஸ்'ஸுக்குத் தாவினார்: எப்போதிலிருந்து என்றால் சின்ஸ், எவ்வளவு நேரமாக என்றால் ஃபார். இரண்டாம் மாடி சுகுமார் 'ஓகே சார்' என்று போட்டார். போதும் நிறுத்து என்ற ஓகே அது. இவர் கைதட்டலாக எடுத்துக்கொண்டு 'யெட்'டுக்குப் போனார்.

வேதா திரும்பியபோது குழாய் வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"குரூப்லயே கேளுங்கோ" என்றாள்.

அவசர அவசரமாக அடித்தார்: 'பிளீஸ் கிவ் வாட்டர். கெஸ்ட்ஸ் ஆர் கமிங் சின்ஸ் டென்.' அனுப்பிய பிறகுதான் படித்தார். விருந்தாளிகள் பத்து மணியிலிருந்தே வந்துகொண்டிருக்கிறார்களாம்! வெட்கத்தில் காது சுட்டது. யாராவது திருத்தித் தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். ஒருவரும் திருத்தவில்லை. காலிங் பெல்தான் அடித்தது.

வாசலில் கீதா, இரண்டு கையிலும் பக்கெட். பின்னால் குடத்தோடு சுகுமார். அதற்குப் பின்னால் மாடிப்படி நெடுகத் தண்ணீர் சிந்திக்கொண்டு மற்றவர்கள்.

"அண்டா எங்க சார் இருக்கு?" என்றார் கீதா.

பத்து மணிக்கு வந்த மாப்பிள்ளையின் அப்பா கை அலம்பிவிட்டு, கலர் கலரான பக்கெட் வரிசையைப் பார்த்து அசந்துபோனார்.

"இந்தப் பக்கம் தண்ணிக் கஷ்டம்னாளே! எப்பலேர்ந்து இப்படிப் பிடிச்சு வெக்கறேள்?"

வேதா கணவரைப் பார்த்தாள். ஸ்ரீநிவாசன் தொண்டையைக் கனைத்தார்.

"இன்னிக்கு எட்டு மணிலேர்ந்துதான்," என்றார். "அதுவும் எல்லாம் அடுத்தாத்துப் பக்கெட்."