யாக்லிகிச் வீட்டின் சின்ன நாள்

உலகத்திலேயே நான்கு பேருக்குத்தான் அந்தக் குடும்பப் பெயர் இருக்கிறது என்று இளம் பாதிரியார் கைபேசியைப் பார்த்துச் சொன்ன அன்று, ராதோயே யாக்லிகிச் மதுக்கடையில் இருந்த எல்லோருக்கும் ராக்கியாச் சாராயம் வாங்கி ஊற்றினார். போபோவிச் என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும், யாக்லிகிச் என்று கூப்பிட்டால் நான் ஒருவன்தான் திரும்புவேன் என்று மீசையைத் தடவிக்கொண்டார். இது சந்தோஷப்பட வேண்டிய கணக்கா, கவலைப்பட வேண்டிய கணக்கா என்பது மேட்டில் ஏறி வீட்டுக்கு வரும்போதுதான் அவருக்கு உறைத்தது. நால்வரில் ஒருவர் அவர், மனைவியைப் பறிகொடுத்த கிழவர். இரண்டாவது, கல்யாணமே வேண்டாம் என்று அதே வீட்டில் தங்கிவிட்ட அக்கா கிறிஸ்தினியா. மூன்றாவது, ஒன்றுவிட்ட தம்பி, மலை மடத்தில் துறவி. மிச்சம் இருப்பது ஒரே மகன் பால்ஷா. அவன் ஜெர்மனியில் தரைக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்தான். பெயர் பிழைத்தால் அவனால் பிழைக்க வேண்டும்.

ராதோயேவுக்கு அந்தப் பெயர் என்றால் உயிர். யாக்லிகா என்பவள் அவர்களுடைய வம்சத்துத் தாய். புருஷன் துருக்கியரோடு சண்டையிட்டுத் தலையைக் கொடுத்தானாம். அவள் அவனுடைய துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தாளாம். பிள்ளைகள் அப்பன் பெயரை விட்டு அவள் பெயரைச் சூடிக்கொண்டார்களாம். இதை ராதோயே ஒற்றைத் தந்தி குஸ்லேயை மடியில் வைத்து இழுத்துப் பாடுவார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் குலப் புனிதர் நிக்கோலாவின் பெரிய நாளில், விருந்துக்கு வந்தவர்கள் தின்று முடித்ததும் பாட்டு ஆரம்பமாகிவிடும். எழுந்து போகவும் முடியாது, ஏனென்றால் விருந்து கொடுத்தவர் பாடுகிறார். எல்லோரும் கோப்பையைப் பார்த்துக் குனிந்தபடி கேட்பார்கள். அது மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுக்குக் கோடையில் இன்னொரு சின்ன நாளும் உண்டு, புனித எலியாஸுக்கு. விருந்தாளி கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு ரொட்டி, ஒரு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். முன்னோர் யாரோ காயம் ஆறுவதற்கு நேர்ந்துகொண்டது என்று ராதோயே சொல்வார். அதற்குமேல் அவர் கேட்டதும் இல்லை.

மனைவி ஸ்தமேனா இறந்தபோது கறுப்புக் கருங்கல்லில் கல்லறை எழுப்பினார். அந்த மலையில் எல்லோரும் செய்வதுபோல உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் சேர்த்தே பொறித்தாகிவிட்டது. இடது ஓரத்தில் ஸ்தமேனாவின் படம், அதன் கீழே அவள் பெயர். பக்கத்தில் ராதோயேவின் பெயர், அதற்கும் பக்கத்தில் மகன் பெயர். அப்பன், மகன் இருவருக்கும் பிறந்த வருஷம், ஒரு கோடு, பிறகு வெறுமை. இதில் அபசகுனம் ஒன்றும் இல்லை. வீட்டைக் கட்டிவிட்டுக் கல்லறையைக் கட்டாமல் விட்டவனைப் பற்றித்தான் அங்கே ஊர் பேசும்.

அந்த வெறுமையில்தான் ராதோயே கை வைத்தார்.

பால்ஷா போன் செய்து, உல்ரிகே என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன் என்றான். ஜெர்மன்காரியா என்று கேட்டு அவர் மனதைத் தேற்றிக்கொள்வதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டான். அவள் அவன் பெயருக்கு மாறவில்லை. அவன்தான் அவள் பெயருக்கு மாறிவிட்டான். இனிமேல் அவன் பால்ஷா பிராண்ட்னர்.

"வாடகைக்கு வீடு கேட்டு என் பேரைச் சொன்னா, ஆள் வந்துட்டாங்கன்னு போனை வெச்சுடறாம்பா. அவ பேரைச் சொன்னா சாவியைக் கையில குடுக்கறான். பேருதானே? நான் அதே ஆள்தானே?"

"பேருதானே" என்ற அந்த ஒரு சொல் ராதோயேவின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இறங்கியது. போனை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு நேராகக் கல் செதுக்கும் கோய்கோவிடம் போனார். மகன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டை முடித்துவிடு, இந்த வருஷத்தைப் போடு என்றார். கோய்கோ முதலில் பால்ஷா இறந்துவிட்டான் என்றே நினைத்துத் தொப்பியைக் கழற்றினான். விஷயம் புரிந்ததும் மாட்டேன் என்றான், கெஞ்சினான், ஒரு வாரம் பொறுத்து வாருங்கள் என்றான். ராதோயே அசையவில்லை. பேரை விட்டவன் செத்தவன்தான், செத்தவனுக்கு வருஷம் போடுவது உன் தொழில் என்று சொல்லிப் பக்கத்தில் நின்று செதுக்க வைத்தார். தூசியைத் தன் கைக்குட்டையால் தானே துடைத்தார். இந்த வீம்பு இருக்கிறதே, அது அந்த மலைக்காரர்களின் சாபம். அதற்கு அவர்கள் மானம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்தினியா கல்லறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோள மாவில் கச்சமாக் களி கிண்டித் தட்டில் போட்டு வைப்பாள், பால் வைப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். ஊரிலும் ஒருவர் வாயிலிருந்தும் அந்தச் செய்தி ஜெர்மனிக்குப் போகவில்லை. எப்படிச் சொல்வது? அப்பாவுக்குக் கோபம், அதனால் போன் எடுப்பதில்லை என்று மட்டுமே பால்ஷா நினைத்திருந்தான். வருஷங்கள் இப்படியே ஓடின. ராதோயே பெரிய நாளில் பாடிக்கொண்டுதான் இருந்தார், குரல்தான் கம்மிப்போயிருந்தது.

போன கோடையில், சின்ன நாளன்று மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு அவர் சிலுவை போட்டுக்கொண்டபோது, கிறிஸ்தினியா ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"டேய், உன் பாட்டுல வர்ற வீரனுக்குப் பேரு என்ன?"

அத்தனை வருஷம் கழித்து அவள் குரலைக் கேட்டதில் அவர் திடுக்கிட்டுப்போனார். "பாட்டுல பேரு இல்லக்கா."

"ஏன் இல்ல? தலையைக் குடுத்தவன் பேரை மறப்பாங்களா? அவன் தலையையும் குடுக்கல, ஒரு மயிரையும் குடுக்கல. பக்கத்துப் பள்ளத்தாக்குல பஞ்சம். கிழிஞ்ச சட்டையும், கக்கத்துல அவங்க வீட்டு எலியாஸ் படமுமா வந்து நின்னான். யாக்லிகா வீட்டுல ஆம்பளை இல்ல, நிலம் இருந்துச்சு. வீட்டோட மாப்பிள்ளையா உள்ள போனான். வயித்துக்கு ரொட்டி கிடைச்சுது, தலைக்கு மேல கூரை கிடைச்சுது, பேரைக் கழட்டி வாசல்ல வெச்சுட்டான். புனிதரை மட்டும் விட மனசு வரல. அதுக்குத்தான் இந்த ரெண்டாவது மெழுகுவர்த்தி."

அது நேர்த்திக்கடன் என்று அவர் முனகினார்.

"ரெண்டு புனிதர் கும்பிடுற வீடெல்லாம் வீட்டோட மாப்பிள்ளை வந்த வீடு. ஊருல சின்னக் குழந்தைக்குக்கூட தெரியும். நீ குஸ்லேயைத் தூக்கினதும் எல்லாரும் ஏன் குனியறாங்கன்னு நெனச்சே? சிரிப்பை அடக்க. அப்பா சாகறப்ப எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார், அவன்கிட்ட சொல்லாதே, பாவம், பாடிட்டுப் போறான்னு. நானும் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். ஆனா உன் முப்பாட்டன் செஞ்சதைத்தானே உன் பையனும் செஞ்சான்? ஒரு வீட்டுக்காகப் பேரை விட்டான். முப்பாட்டனுக்குப் பாட்டு, பையனுக்குச் சாவா?"

ராதோயேவுக்குத் தெரியாதா என்ன? தெரியும் என்று இப்போதுதான் தெரிந்தது. பக்கத்து ஊர்களில் இரண்டு நாள் கொண்டாடும் வீடுகளைப் பார்த்து அவரே கேலி பேசியிருக்கிறார். தன் வீட்டு வாசல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். வழக்கப்படி வீட்டுத் தலைவன் மெழுகுவர்த்தியைத் திராட்சை மதுவில் நனைத்து அணைக்க வேண்டும். அன்று அணைக்கும்போது மது மேசையெல்லாம் சிந்தியது.

இருந்தும் போனை எடுக்கக் குளிர்காலம் வரை ஆயிற்று. வீம்பு லேசில் இறங்காது. பெரிய நாளன்று பாட்டைப் பாடாமல், விருந்தாளிகளைச் சாப்பிட்டதும் அனுப்பிவிட்டு, பால்ஷாவைக் கூப்பிட்டார். பனி எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பேசினார்கள். பசு விற்றதைப் பேசினார்கள். பிறகு பால்ஷா தனக்கு ஒரு மகள் இருக்கிறாள், இந்த வருஷம் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள் என்றான்.

"பேரு என்ன வெச்சிருக்கே?"

"அம்மா பேருதாம்பா. ஸ்தமேனா."

ராதோயே அழுதுவிட்டார். அடக்கவெல்லாம் முயற்சிக்கவில்லை, விக்கி விக்கி அழுதார். கோடையில் சின்ன நாளுக்கு மூன்று பேரும் வருவதென்று முடிவாயிற்று. போனை வைத்த பிறகுதான் கல்லின் நினைவு வந்தது.

கோய்கோவிடம் ஓடினார். அவன் விரித்துப் பேசவில்லை. கருங்கல்லில் போட்டது போட்டதுதான், அழிக்க முடியாது, பலகையையே மாற்ற வேண்டும், கல் வெளியூரிலிருந்து வர வேண்டும், இலையுதிர்காலம் ஆகிவிடும் என்றான். சிமென்ட் பூசினால் இன்னும் பளிச்சென்று தெரியும் என்றான். ஊருக்குள் வரும் பாதை கல்லறையை ஒட்டித்தான் வருகிறது. வெளியூரிலிருந்து வருகிற எவனும் செத்தவர்களைப் பார்க்காமல் உயிரோடு இருப்பவர்களிடம் வர மாட்டான். ஆகவே ராதோயே இரண்டு ஏற்பாடு செய்தார். பெரிய பிளாஸ்டிக் பூவளையம் ஒன்றை வாங்கி, ஸ்தமேனாவின் படத்தில் தொடங்கி அந்த வருஷம் வரை மறையும்படி கம்பியால் கட்டினார். அவர்கள் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே கீழே ஆற்றுப் பாலத்துக்குப் போய் நின்று, தானே கூட்டிக்கொண்டு வந்து, கல்லுக்கு முன்னால் தானே மறைத்து நின்றுகொள்வது என்று நினைத்தார்.

சின்ன நாள் விடிந்தது. கிறிஸ்தினியா ரொட்டி சுட்டாள். மற்றப் புனிதர்களுக்கு வைப்பதுபோல் எலியாஸுக்குக் கோதுமை வேகவைப்பதில்லை. கோதுமை இறந்தவர்களுக்கு, எலியாஸோ உயிரோடு வானத்துக்குப் போனவர். ராதோயே முற்றத்தில் ஆட்டுக்குட்டியைக் கம்பியில் ஏற்றி நெருப்பின் மேல் சுழற்றிக்கொண்டிருந்தார். இது நிறம் மாறியதும் சட்டையை மாற்றிக்கொண்டு பாலத்துக்குப் போகலாம் என்றிருந்தார். பேத்திக்கு எந்தப் பாகம் பிடிக்கும் என்று அக்காவிடம் கேட்டார். அதை அவகிட்டயே கேளு என்று அவள் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

அப்போது கீழே வண்டிச் சத்தம் கேட்டது. முற்றத்திலிருந்து பார்த்தால் கல்லறை வளைவு தெரியும். சாம்பல் நிறக் கார் ஒன்று அங்கே நின்றிருந்தது, கதவுகள் திறந்தபடி. இரவெல்லாம் ஓட்டி முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

ராதோயே கம்பியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அந்த வயதில், சரிவில், கல்லும் முள்ளுமாக இருந்த குறுக்குப் பாதையில் ஓடினார். ஓடும்போதே தான் செய்த பிசகு அவருக்குத் தெரிந்துவிட்டது. வளையத்தைப் படத்தின் மேல் கட்டியிருந்தார். கல்லறைக்குப் போகிறவர்கள் படத்தைத்தானே முத்தமிடுவார்கள்? அவரே ஒவ்வொரு ஞாயிறும் முத்தமிடுகிறவர்தானே? அம்மாவைப் பார்க்க வந்த பிள்ளை பிளாஸ்டிக் பூவை முத்தமிட்டுவிட்டுப் போவானா? கம்பியை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.

வேலியை அவர் எட்டியபோது கார் திரும்பிப் பாலத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பால்ஷா என்று கத்தினார். பின்கண்ணாடியில் ஒரு சின்னத் தலை திரும்பி அவரைப் பார்த்தது. யாரோ கிழவர் கையை ஆட்டுகிறார் என்று நினைத்திருக்கும், அதுவும் கையை ஆட்டியது. கார் பாலத்தைத் தாண்டி வளைவில் மறைந்தது. போன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பவும் செய்தார். அணைத்து வைத்திருந்தார்கள்.

கல்லுக்கு முன்னால் பூவளையம் புல்லின் மேல் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பிய்த்து எறியவில்லை. கம்பியைக்கூடச் சுருட்டி அருகில் வைத்திருந்தான். ஓடு பதிக்கிறவன் கை, எதையும் அலங்கோலமாக விடாது. ஸ்தமேனாவின் படத்தில் தூசி ஓர் இடத்தில் மட்டும் துடைபட்டிருந்தது. அதற்குச் சற்றுக் கீழே, குழந்தையின் உயரத்தில், இன்னொரு இடம்.

மண்ணில் இரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. மெல்லிய மஞ்சள் மெழுகுவர்த்திகள், தேவாலயத்தில் கொடுப்பவை. ஒன்று ஸ்தமேனாவின் பெயருக்கு நேராக. இன்னொன்று பால்ஷாவின் பெயருக்கு நேராக.

சாபம் போட்டிருந்தால் ராதோயே தாங்கிக்கொண்டிருப்பார். கல்லை உடைத்திருந்தால் அவனை அணைத்துக்கொண்டிருப்பார். அப்பா சொன்னதை அவன் ஏற்றுக்கொண்டுவிட்டான், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மண்ணில் உட்கார்ந்தார். இரண்டாவது மெழுகுவர்த்தியை அணைக்கக் கையை நீட்டினார், பாதியில் நின்றுவிட்டது. அணைத்தால் மகன் உயிரை அணைத்ததாகும். எரியவிட்டால் அவன் செத்தான் என்று ஒப்புக்கொண்டதாகும்.

கிறிஸ்தினியா மூச்சிரைக்க வந்து பின்னால் நின்றாள். கல்லைப் பார்த்தாள், மெழுகுவர்த்திகளைப் பார்த்தாள். மேலே முற்றத்திலிருந்து இறைச்சி கருகும் வாசனை இறங்கி வந்துகொண்டிருந்தது.

"வீட்டுக்குப் போய்க் கோதுமை வேகவைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று ஏறி வந்தது. மனைவியின் சுடர் சாய்ந்து, புகைந்து, அணைந்தது. மகனின் சுடரும் சாய்ந்தது. ராதோயேவின் இரண்டு கைகளும் தாமாகப் போய் அதை மூடிக்கொண்டன, அணையாமல்.