உப்புக்காற்றின் மேல் பழி

தூத்துக்குடியில் எது கெட்டுப்போனாலும் பழியை ஏற்றுக்கொள்ள உப்புக்காற்று தயாராக இருக்கும். ஃப்ரிட்ஜின் கால் இற்றுப்போனால் உப்புக்காற்று. ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தால் உப்புக்காற்று. முத்தையாபுரத்தில் ஒருவர், தன் பையன் கணக்கில் பெயிலானதற்கும் அதையே சொன்னதாகக் கேலி உண்டு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஒன்றின் மேல் பழி போடுவதில் எவ்வளவு வசதி. டிக்சன் அந்த வாரம் முழுக்க அந்த வசதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

டிக்சன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் கிரேன் ஓட்டுகிறவர். அங்கே வேலை பார்ப்பவர்கள் அதைப் பெட்டி என்றுதான் சொல்வார்கள். பெட்டியின் நான்கு மூலையிலும் அடியில் இரும்புப் பூட்டு மாட்டியிருக்கும். லாரியின் மேல் வைப்பதற்கு முன்னால் பெட்டியை நெஞ்சு உயரத்தில் அந்தரத்தில் நிறுத்த வேண்டும். கீழே நிற்கும் ஆட்கள் கையை விட்டு அந்தப் பூட்டுகளைக் கழற்றுவார்கள். அவர்கள் கை வெளியே வரும்வரை மேலே கேபினில் லீவரைப் பிடித்திருப்பவரின் கை அசையக் கூடாது. வேலை அவ்வளவுதான், உயிரும் அவ்வளவுதான்.

பூட்டுக் கழற்றும் ஆட்களில் ஒருவன் பெனிஸ்டன். டிக்சனின் மனைவி ஜெயஷீலாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. அடுத்த தெருவில் குடியிருக்கிறான். அத்தானும் மைத்துனனும் அவன் பைக்கில் ஒன்றாகத்தான் வேலைக்குப் போவார்கள்.

போன வாரம் ஒரு பெட்டி, நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் பெனிஸ்டன் பக்கம் நகர்ந்துவிட்டது. அவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். பிறகு அண்ணாந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அத்தனை உயரத்திலிருந்து அவன் முகம் டிக்சனுக்குத் தெரியவில்லை. கேபினின் கண்ணாடித் தரை வழியாகத் தெரிந்தது அந்தக் கட்டைவிரல் மட்டும்தான். ஷிப்ட் முடிந்து இறங்கியதும் முதல் வேலையாக, இடது லீவரில் கோளாறு என்று எலக்ட்ரீஷியன் முத்துக்குமரனிடம் சொன்னார். முத்துக்குமரன் லீவரைக் கழற்றித் துடைத்துச் சோதித்துப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"உப்புக்காத்து உள்ள போயிருக்கும், சரியா பாருடே."

"பாத்துட்டேன். ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்ற வார்த்தை மனிதர்களை ஆறுதல்படுத்துவதற்காக உண்டானது. டிக்சனை அது ராத்திரி தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் மகள் அனுஜாவுடன் கம்ப்யூட்டரில் கால்பந்து விளையாடுவது அவர் வழக்கம். காலேஜ் படிக்கிற பெண்ணுக்கு அப்பாவிடம் பேச வேறு விஷயம் கிடைக்காமல் போனபோது கிடைத்த விஷயம் இது. அவர் கையில் பிடித்து ஆடும் பழைய கன்ட்ரோலரின் வயர் நாற்காலிக் காலில் நசுங்கி உயிரை விட்டிருந்தது. வி.இ. ரோட்டுக் கடையில் இருப்பதிலேயே மலிவான ஒன்றை வாங்கி வந்து செருகினார். திரையில் அவருடைய ஆட்டக்காரன், நில் என்றால் நிற்கவில்லை. கால் சுட்டவன் மாதிரி இடமும் வலமும் தவித்தான்.

அதைப் பார்த்ததும் டிக்சனுக்கு வந்தது எரிச்சல் இல்லை, சந்தோஷம். கட்டைவிரலால் தள்ளும் அந்தக் குச்சி, ஸ்டிக், தானாகவே ஓடுகிறது. புது ஸ்டிக்கே இப்படி ஓடுமானால், கடலுக்கு மேலே நிற்கிற கிரேன் லீவர் ஓடாதா? அறுநூறு ரூபாய் விளையாட்டுச் சாமானும் அத்தனை பெரிய கிரேனும் ஒரே வாரத்தில் தனக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்துவிட்டன என்று நம்புவதற்குப் பெரிய மனசு வேண்டும். பயந்தவனுக்கு அந்த மனசு தானாக வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். மதிய ஷிப்ட். அதற்குள் இந்த விஷயத்தை முடித்துவிட வேண்டும். கன்ட்ரோலரில் கோளாறு என்று கடைக்காரன் வாயால் சொல்லிவிட்டால் போதும், அந்தத் தைரியத்தில் கிரேன் ஏணி ஏறிவிடலாம்.

"என்ன அண்ணாச்சி, திரும்ப வந்துட்டிய?" என்றான் கடைக்கார மாரிச்செல்வம்.

"ஸ்டிக் ஓடுது தம்பி. சும்மா வச்சிருந்தாலே ஆடுது."

மாரிச்செல்வம் அதைக் கடைக் கம்ப்யூட்டரில் செருகி, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தான். திரையில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. ஸ்டிக் அசைந்தால் புள்ளியும் அசையும். கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்தான். புள்ளி அசையவில்லை. கையில் எடுத்துக் கட்டைவிரலை ஸ்டிக்கின் மேல் வைத்தான். அப்போதும் அது நட்டுவைத்த மாதிரி நின்றது.

"இந்தாங்க, நீங்க பிடிங்க."

டிக்சன் பிடித்தார். இடது கட்டைவிரலை மெல்ல வைத்தார். புள்ளி துடித்தது. பெரிய ஆட்டம் இல்லை. வட்டத்தின் நடுவிலிருந்து கொஞ்சம் விலகி, திரும்பி, மறுபடி விலகி, கொதி வருவதற்கு முந்தின தண்ணீர் மாதிரி ஓயாமல் அசைந்தது. அவர் விரலை எடுத்தார். புள்ளி நின்றது. வைத்தார். துடித்தது.

"வயர்ல லூஸ் இருக்கும்" என்றார் டிக்சன். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

மாரிச்செல்வம் கன்ட்ரோலரை வாங்கிக் கழற்றி வைத்தான். வியாபாரி, வாடிக்கையாளரின் கையைப் பற்றிப் பேச மாட்டான். "வேற பாக்கியளா? வயர் இல்லாதது இருக்கு."

"வயர் இல்லாதது வேண்டாம்." பாட்டரி போச்சு, சிக்னல் விட்டுப்போச்சு என்று அதில் நூறு சாக்கு சொல்லலாம். தனக்கு நிச்சயமான பதில் வேண்டும் என்றுதானே வந்தார்?

"அப்பம் இதப் பாருங்க." அலமாரியிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்தான். "வயர்தான். விலை கொஞ்சம் கூட, ஆனா இந்த விலையில இதுக்கு மேல கிடையாது. உள்ள காந்தம் வச்ச ஸ்டிக். மத்ததுல உரசி உரசித் தேயும், ஒரு வருஷத்துல ஓட ஆரம்பிச்சிரும். இதுல உரசலே கிடையாது. உப்புக்காத்து இத ஒண்ணும் செய்யாது."

உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. அந்தச் சின்ன டப்பாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. இதை வாங்கிப்போய்ச் செருகினால், அதற்குப் பிறகு பழி போட உலகத்தில் வேறு ஆள் இல்லை.

"காந்தம் இல்லாம, சாதாரணமா ஒண்ணு குடேன்."

"எல்லாரும் உழைக்குற சாமானா கேப்பாவ. நீங்க கெட்டுப்போறதா கேக்கிய?" மாரிச்செல்வம் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "இதையே கொண்டுபோங்க. இங்கன டெஸ்ட் பண்ணிரட்டுமா?"

"வேண்டாம். வீட்டுல போய்ப் பாத்துக்கிடுதேன்."

வழியெல்லாம் அப்பாவின் நினைவு. தேவதாசன் வாத்தியாருக்கும் இப்படித்தான் இடது கையில் தொடங்கியது. நாசரேத் சர்ச்சில் நற்கருணைக் கிண்ணத்தை வாங்கும்போது திராட்சரசம் சட்டையில் சிந்தியது. குளிர் என்றார் அப்பா. மே மாதம் அது. கடைசியில் சர்ச் போதகர் அய்யர்தான் கிண்ணத்தை அவர் வாயருகே பிடிக்க வேண்டியிருந்தது. அப்பா கையில் சிந்தியது வெறும் திராட்சரசம்தான். சிக்னலில் பைக்கை நிறுத்திய டிக்சன், ஹேண்டிலில் இருந்த தன் இடது கையைப் பார்க்காமல் முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அனுஜா காலேஜ் லீவில் இருந்தாள். ஜெயஷீலா டீச்சர் வேலைக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். டிக்சன் டப்பாவைப் பிரித்து வயரைச் செருகி ஆட்டத்தைத் திறந்தார். கட்டைவிரலை வைத்தார். திரையில் ஆட்டக்காரன் தவிக்கத் தொடங்கினான்.

காந்தம். உரசல் கிடையாது.

"அதுக்கு செட்டிங் போடணும்பா" என்று அனுஜா பின்னாலிருந்து வந்து மவுஸை வாங்கினாள். திரையில் இருந்த ஒரு கோட்டின் நுனியைப் பிடித்து வலதுபக்கம் இழுத்தாள். "இப்பப் பாருங்க."

ஆட்டக்காரன் சாந்தமாக நின்றான்.

டிக்சனுக்கு உடம்பெல்லாம் லேசானது. "என்ன செஞ்ச?"

"டெட் ஸோன்னு ஒண்ணு. ஸ்டிக் நடுவுல கொஞ்சமா அசைஞ்சா அத கணக்குல எடுக்காது. நல்லா அழுத்தித் தள்ளுனாத்தான் எடுக்கும்."

"அப்பம் முதல்லயே போட்டிருக்கலாம்லா. நான் கடைக்கும் வீட்டுக்கும் அலஞ்சிட்டுக் கிடக்கேன்."

"பழசுக்குப் போட்டுத்தான் வச்சிருந்தேன். புதுசு மாட்டவும் அது போயிடுச்சு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"பழசுல ஸ்டிக் நல்லாத்தான இருந்துது?" என்றார் டிக்சன்.

அவள் கன்ட்ரோலர் வயரை விரலில் சுற்றினாள்.

"அனு, உன்கிட்டதான் கேக்கேன். ஸ்டிக் நல்லா இருந்துதா இல்லையா?"

"இருந்துச்சு. நான் விளையாடினா நல்லா இருந்துச்சு." குரல் தாழ்ந்துவிட்டது. "நீங்க பிடிச்சாத்தான்... தோத்துத் தோத்து ஒரு மாதிரி ஆயிட்டீங்க. அதான் போட்டேன்."

"எப்பம்?"

"கிறிஸ்துமஸ் லீவுல."

வெளியே ஆடி மாதத்துக் காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது. போன வாரம் தொடங்கியது என்றல்லவா அவர் நினைத்திருந்தார்? அந்த ஒரு சாணைத்தானே ராத்திரியெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்? கிறிஸ்துமஸிலிருந்து எத்தனை கப்பல், எத்தனை பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் ஆட்கள் கையை விட்டிருக்கிறார்கள். நடந்த ஆபத்தைவிட, தெரியாமலே நடக்காமல் போன ஆபத்துகள் அதிகம் நடுக்கின. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டார். பிடித்த கைக்குள்ளும் அது துடிப்பது தெரிந்தது.

"அம்மாட்ட சொன்னியா?"

"இல்ல. எனக்குப் பயமா இருந்துச்சுப்பா. தாத்தா மாதிரின்னு யாராவது சொல்லிருவாங்களோன்னு."

வாசலில் பைக் ஹார்ன் கேட்டது. பெனிஸ்டன்.

அப்போதுதான் டிக்சனுக்கு அந்த யோசனை வந்தது. வந்த வேகத்தைப் பார்த்தால் நெடுநாளாக வாசலில் காத்திருந்தது போலிருந்தது. கிரேன் லீவருக்கும் இந்த மாதிரி நடுவில் ஓர் இடம் உண்டு. சின்ன இடம்தான். முத்துக்குமரனிடம் சொன்னால் கிரேன் கம்ப்யூட்டரில் அதைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுவான். லீவர் தேய்மானம், அதுவரைக்கும் இப்படி ஓட்டுகிறேன் என்றால் மறுக்க மாட்டான். மகள் இழுத்தாளே, அந்த மாதிரி ஒரு கோடு. பெட்டி சாந்தமாக நிற்கும், இன்னும் சில மாதம். பிறகு? பிறகு கை இன்னும் ஆடும், கோட்டை இன்னும் இழுக்க வேண்டும். ஒருநாள் கோடு இழுக்காத வேறொரு கிரேனில் ஏற்றிவிடுவார்கள். இருந்தாலும் சில மாதம் கிடைக்கும் அல்லவா? கிரேனிலிருந்து இறங்கிவிட்டால் தான் யார் என்று டிக்சனுக்குத் தெரியாது. அந்தப் பயம் மற்றதைவிடக் குறைந்ததாக இல்லை.

பெனிஸ்டன் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தான். "அத்தான், கிளம்பலையா? இன்னிக்குக் கப்பல் பெருசு." மேஜைமேல் இருந்த கன்ட்ரோலரைப் பார்த்தான். "புதுசா? மாமனும் மருமவளும் விளையாடுற நேரத்துல அத்தான் வேற நடுவுல."

யாரும் சிரிக்காததால் அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"ஏலே பெனிஸ்டன்" என்றார் டிக்சன். "போன வாரம் பெட்டி நகர்ந்துதே."

"அதயா இன்னும் நினச்சிட்டு இருக்கிய? காத்து அத்தான். ஆடிக்காத்துன்னா சும்மாவா?" அவன் சாவியைச் சுழற்றிக்கொண்டே சொன்னான். "மத்தவன் கிரேன்னா நான் பாத்துப் பாத்துத்தான் கைய விடுவேன். நீங்க ஏறுனா பாக்கவே மாட்டேன். எங்கத்தான் கைதானன்னு விட்டுருவேன்."

டிக்சன் அனுஜாவைப் பார்த்தார். அவள் கண்கள் நிறைந்திருந்தன. மவுஸை எடுத்து, அவள் வலதுபக்கம் இழுத்த கோட்டை அவரே இடதுபக்கம் கடைசிவரை தள்ளினார். பிறகு கன்ட்ரோலரை பெனிஸ்டனிடம் நீட்டினார்.

"பிடி. ஸ்டிக்ல விரல வை. அசைக்காத."

பெனிஸ்டன் ஒன்றும் புரியாமல் பிடித்தான். திரையில் ஆட்டக்காரன் நின்றான்.

"குடு" என்று டிக்சன் வாங்கினார். விரலை வைத்தார். மறைக்க முயலவில்லை. ஆட்டக்காரன் இடமும் வலமும் தவித்தான், நின்றான், மறுபடி தவித்தான்.

பெனிஸ்டன் முதலில் சிரித்தான். "என்ன அத்தான், டான்ஸ் ஆடுதான்?"

டிக்சன் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. பெனிஸ்டனின் பார்வை திரையிலிருந்து இறங்கி அவர் கட்டைவிரலுக்கு வந்தது. சிரிப்பு அவன் முகத்தில் பாதியில் நின்றது.

"காத்து இல்லடே" என்றார் டிக்சன். "இன்னிக்கு நான் ஏறல. இனியும் ஏற மாட்டேன். கன்ட்ரோல் ரூமுக்கு நானே போன் போட்டுச் சொல்லிருதேன்."

பெனிஸ்டன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். சாவியை மேஜைமேல் வைத்தான். பிறகு இரண்டு கைகளையும் மடியில் விரித்து, பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.