பதினேழாவது பெயர்

“பொய்!” என்று கத்திய பிறகுதான், தான் எழுந்து நிற்பதே சாமுண்டீஸ்வரிக்குத் தெரிந்தது.

மக்களவையில் கேள்வி நேரம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. எதிரே அமைச்சர் கையிலிருந்த தாளைப் படித்து முடித்திருந்தார். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மோசடிக் கும்பலின் கட்டடங்களில் அடைபட்டு, நாள் முழுக்க யாரையாவது போனில் ஏமாற்றும்படி அடித்து வேலை வாங்கப்பட்ட இளைஞர்களைப் பற்றிய கேள்வி அது. உறுப்பினர் சாமுண்டீஸ்வரி எழுதிக் கொடுத்த பெயர்கள் அத்தனையும் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டன, அத்தனை பேரும் ஜூன் மாதமே வீடு திரும்பிவிட்டார்கள் என்றார் அமைச்சர்.

“பதினாறு பேர்தான் வந்திருக்காங்க! பதினேழாவது பையன் எங்கே? அவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

‘பொய்’ என்ற சொல் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்று சபாநாயகர் அறிவித்தார். அவள் முன்னிருந்த ஒலிவாங்கி அணைந்தது. தாம்பரம் நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருஷம் வாதாடிய குரலுக்கு அது ஒரு தடையே இல்லை. அமைச்சரைப் பார்த்துக் கையை நீட்டி, நெஞ்சு அதிர அதிரப் பேசினாள். அவள் கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள்.

அவள் கோபத்தில் நடிப்பு எதுவும் இல்லை. போன வாரம் கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்திக்கு நடுவில் தபீதாள் டீச்சர் வந்து அவள் எதிரில் நின்றிருந்தாள். கோவிலம்பாக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. கணவர் இல்லை. ஒரே மகன் ஜோஸ்வின். மார்ச் மாதம் அவனுக்காக மனு கொடுத்தவள். “எல்லாப் பிள்ளைங்களும் வந்துட்டாங்க மேடம். என் பிள்ளை வரல” என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. “டெல்லியில சபையிலேயே கேக்குறேன் டீச்சர்” என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் சாமுண்டீஸ்வரி விமானம் ஏறினாள்.

மதியம் ஒரு மணிக்கு அமைச்சக அதிகாரி ஒருவர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். சமாதானம் பேசப் போகிறார்கள், விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனாள். வயதான, மெலிந்த மனிதர். டீ வரவழைத்தார். பிறகு ஒரு கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஏப்ரல் மூன்றாம் தேதியிட்ட அவளுடைய கடிதம். கீழே அவளுடைய கையெழுத்து. வரிசை எண் ஒன்றிலிருந்து பதினாறு வரை.

இரண்டு முறை விரல் வைத்துப் படித்தாள். ஜோஸ்வின் பெயர் இல்லை.

“வேறு ஏதாவது கடிதம் அனுப்பியிருந்தீர்களா? நாங்கள் காலையிலிருந்து தேடினோம்” என்று அவர் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். அவர் குரலில் கிண்டல் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வராந்தாவுக்கு வந்து தாம்பரம் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பத்ரி எடுத்தான். ஆறு வருஷமாக அவளிடம் உதவியாளர்.

“மேடம், டிவியில ஃபுல்லா நீங்கதான்! கலக்கிட்டீங்க.”

“தபீதாள் டீச்சர் மனு எங்க?”

“அது… டெல்லிக்கு அனுப்பின லிஸ்ட்ல…”

“லிஸ்ட் என் கையில இருக்கு. பதினாறு பேர். மனு எங்கன்னு கேட்டேன்.”

அவன் தேடுகிறேன் என்றான். இருபது நிமிடம் அவள் அந்த வராந்தாவிலேயே நடந்தாள். அவனை என்னென்ன கேட்க வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே நடந்தாள். போன் வந்தபோது பத்ரியின் குரல் உடைந்திருந்தது.

“பிரஸ்ல இருக்கு மேடம். நம்ம ரெண்டு வருஷப் பணி புஸ்தகம் போட்டோமே… நீங்க அந்த அம்மாகிட்ட மனு வாங்குற போட்டோ அட்டைக்குன்னு சொன்னீங்க. மனுவும் பக்கத்துல தெரியணும், ஒரிஜினலையே ஸ்கேன் பண்ணட்டும்னு சொன்னீங்க. அன்னிக்கே கொடுத்து அனுப்பினேன். திரும்பி வரல. ஃபைல்ல இருந்த மத்த மனுவ வச்சு லெட்டர் டைப் பண்ணிட்டேன். நான் எண்ணிப் பார்த்திருக்கணும். தப்பு என்னுது மேடம்.”

அப்படிச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்த நாளும் நினைவிருந்தது. அந்தத் தாயின் கண்ணில் இருந்த நம்பிக்கை படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது என்று அவளே சொன்னாள். பதினாறு பெயர் இருந்த கடிதத்தில், காரில் போகும்போது, படிக்காமல் கையெழுத்துப் போட்டதும் அவளேதான்.

திரும்ப உள்ளே போய், ஜோஸ்வின் பெயர், பாஸ்போர்ட் எண், அவன் அம்மாவிடம் சொன்ன கட்டடத்தின் அடையாளம் என்று, அச்சகத்திலிருந்து வரவழைத்த மனுவின் படத்தைப் பார்த்து பத்ரி போனில் வாசிக்க வாசிக்கத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். அதிகாரி அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“மற்ற பதினாறு பேரையும் இதே கட்டடத்திலிருந்துதான் கூட்டி வந்தோம்” என்றார்.

மறுநாள் காலை சென்னை விமான நிலையத்தில் பட்டாசு வெடித்தது. பகுதிச் செயலாளர் அச்சுதன் நாற்பது ஐம்பது பேரோடு சால்வையுடன் நின்றான்.

“இன்னா மேடம், மந்திரிய பேஜார் பண்ட்டீங்க! நம்ம ஏரியா முழுக்க இதே பேச்சுதான். நாளைக்கு புக் ரிலீஸ்ல மண்டபம் தாங்காது, பாருங்க.”

சால்வையை வாங்காமல் நடந்தாள். கார் டிக்கியில் புத்தகக் கட்டுகள் இருந்தன. ‘தொகுதியிலும் தலைநகரிலும்: உங்களுக்காக என் பணி.’ அட்டையில் அவள் சற்றே குனிந்து மனு வாங்குகிறாள். தபீதாள் அண்ணாந்து பார்க்கிறாள்.

“கூட்டம் வேணாம் அச்சுதன். இது ஒண்ணுகூட வெளிய போகக்கூடாது.”

“பத்தாயிரம் காப்பி மேடம்! போஸ்டர் ஒட்டியாச்சு. தலைமையில இருந்து ஆள் வராங்க. இப்ப போயி…”

“அட்டையில இருக்கிற அம்மாவோட மனுவ நான் அனுப்பவே இல்ல. புரியுதா? படம் புடிக்க மட்டும் வாங்கியிருக்கேன்.”

அச்சுதன் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “அது நம்மளுக்குள்ள இருக்கட்டும் மேடம். அந்த பத்ரிய தூக்கிடுங்க. யார் கேக்கப் போறாங்க?”

“நான் கேக்குறேன்!” என்று அவள் போட்ட சத்தத்தில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இறக்கு. இந்தப் புஸ்தகக் கட்டெல்லாம் கார்ல இருந்து இறக்கு.”

கோவிலம்பாக்கத்தில் தபீதாளின் வீடு ஏரிக்கரைப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷன். கதவைத் திறந்தவள் எம்.பி.யைப் பார்த்ததும் அவளுக்குப் பின்னால் மகன் வருகிறானா என்று படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்றதும் முகம் இறுகியது. உட்காரச் சொன்னாள்.

சாமுண்டீஸ்வரி சுற்றி வளைக்கவில்லை. மனு அச்சகத்துக்குப் போனது, படிக்காமல் போட்ட கையெழுத்து, நேற்று கொடுத்த பெயர், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். “பத்ரி மேல தப்பில்ல டீச்சர். நான்தான்” என்று முடித்தாள்.

தபீதாள் மடியிலிருந்த பரீட்சைத் தாள்களை ஒழுங்காக அடுக்கி வைத்தாள்.

“ஸ்ரீநிவாசன்னு ஒரு பையன். கூடுவாஞ்சேரி. திரும்பி வந்தவங்கள்ல ஒருத்தன். ஜூன்லயே என்னைப் பார்க்க வந்தான்” என்றாள். “அங்க எல்லாரையும் வாசல்ல வரிசையா நிக்க வச்சாங்களாம். ஒரு ஆபீசர் பேர் பேரா வாசிச்சாராம். என் பிள்ளையும் வரிசையில நின்னிருக்கான். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னிருக்கான். பதினாறு பேர் வாசிச்சு பேப்பரை மடிச்சுட்டாங்க. இவன், ‘சார், என் பேர் இருக்கும், இன்னொரு தடவ பாருங்க’ன்னு கேட்டிருக்கான். உள்ள போன்னு அந்தக் கும்பல் ஆளுங்க புடிச்சு இழுத்துட்டாங்க.”

சாமுண்டீஸ்வரி வாய் திறந்தாள்.

“இருங்க. நான் பேசுறேன். வாரா வாரம் உங்க ஆபீசுக்குப் போன் பண்ணேன். ‘மேடம் பார்த்துக்கிட்டிருக்காங்க’ன்னு சொன்னாங்க. சர்க்கார் மேல கோவப்பட்டேன். அந்த ஊர்க்காரங்க மேல கோவப்பட்டேன். ராத்திரியில ஆண்டவர்கிட்டகூட சண்டை போட்டேன். உங்க மேல மட்டும் கோவப்படல. உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன், தெரியுமா? மனு கொடுத்ததுல இருந்து நூத்தி முப்பத்தாறு நாள்!” அவள் குரல் இப்போதுதான் உயர்ந்தது. “நேத்து டிவியில நீங்க கத்துனீங்க. தெருவுல எல்லாரும் வந்து, ‘பார்த்தீங்களா டீச்சர், உங்களுக்காக எப்படிப் போராடுறாங்க’ன்னு சொன்னாங்க. நானும் நம்பினேன்.”

“மன்னிச்சிடுங்கன்னு கேக்கத்தான்…”

“அதை என்கிட்ட, இந்த நாலு சுவத்துக்குள்ள கேக்காதீங்க. கத்துன இடத்துல போய்ச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் நான் மன்னிப்பேனான்னு தெரியாது.”

தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சாமுண்டீஸ்வரி எழுந்து படி இறங்கினாள்.

புத்தகக் கூட்டத்தை நிறுத்தியதும், அவையில் உண்மையைச் சொல்லப் போவதும் தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்சியிலிருந்து போன் வந்தது. அவையில் ஒரு வார்த்தை பேசினால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது என்று ஒருவர் நேரடியாகவே சொன்னார். திங்கள்கிழமை அவள் அனுமதி கேட்டு எழுந்தாள். இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். அமைச்சர் சொன்னது உண்மை, பட்டியலில் அந்தப் பெயரை விட்டது தானே, அந்தப் பையன் அங்கே கிடப்பதற்குக் காரணம் தன் கவனக்குறைவு என்று சொன்னாள். இந்த முறை ஒலிவாங்கி அணையவில்லை. எதிர் வரிசையில் சிரித்தார்கள். அவள் வரிசையில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வெளியே போனார்.

அன்று மாலை அச்சுதன் கட்சி வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தியை யாரோ அவளுக்கு அனுப்பினார்கள். ‘வேணும்னே கட்சி மானத்த வாங்கிகினு கீது.’ பத்ரி ராஜினாமா எழுதி அனுப்பியிருந்தான். அவள் அதை ஏற்கவில்லை. “இனிமே நான் படிக்காம எதுலயும் கையெழுத்து வாங்காதே. நான் கத்தினாலும் வாங்காதே” என்று மட்டும் பதில் போட்டாள்.

மூன்றரை வாரம் கழித்து ஜோஸ்வின் வந்தான்.

விமான நிலையத்துக்கு அவள் தனியாகப் போயிருந்தாள். ஒரு தூணோரம் நின்றாள். வந்தவன் பாஸ்போர்ட் படத்தில் இருந்தவனில் பாதியாக இருந்தான். தபீதாள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். அவள் ஓடிப்போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினான். “இந்தக் காது கேக்காதும்மா. இந்தப் பக்கம் வந்து பேசு” என்றான். மற்றவர்கள் போன மறுநாள், ‘என் பேர், என் பேர்’ என்று ஏன் கத்தினாய் என்று கேட்டுக் கும்பல்காரர்கள் அடித்த அடி அது என்று பிறகு தெரிந்தது.

தபீதாள் தூணோரம் நின்றவளைப் பார்த்துவிட்டாள். மகனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நேரே வந்தாள். கைப்பையிலிருந்து பள்ளி நோட்டில் கிழித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

“இன்னும் மூணு பேர் அங்க இருக்காங்களாம். இவன் போன்ல சொன்னான், எழுதி வச்சேன். ஒருத்தன் விழுப்புரம். ரெண்டு பேர் ஆந்திரா. உங்க தொகுதி இல்ல.”

“கொடுங்க டீச்சர்.”

“இங்கேயே அனுப்புங்க. நான் பார்க்கணும்.”

சாமுண்டீஸ்வரி அந்த இடத்திலேயே நின்று, போனில் அந்த அதிகாரிக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். விழுப்புரத்துப் பையனின் அப்பா பெயரில் ஒரு எழுத்தைத் தவறாகப் போட்டாள். தபீதாள் விரலால் சுட்டிக் காட்டினாள். திருத்தினாள். அனுப்பியதும் தபீதாள் போனைத் தன் கையில் வாங்கி, மூன்று பெயரையும் வாய்விட்டு எண்ணிப் படித்தாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். “வெள்ளிக்கிழமை கூப்பிடுவேன். நீங்களே எடுங்க” என்று சொல்லிவிட்டு, மகனின் கேட்கும் காதுப் பக்கமாகப் போய் நின்றுகொண்டு, அவன் பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.